டீக்கனுக்கு ஆரஞ்சுச் சட்டை

கிரேடி ஹாலோ, வெர்மான்ட்
28 மார்ச் 1999

அன்புள்ள கொரீன்,

நீ பஸ் ஏறி ஆறு நாளாகிறது. நான் நலம். உன் வான்கோழிச் சேவல் டீக்கன் நலம், அவனுடைய பெட்டைகள் பதினான்கும் நலம். இரட்டைப் பிள்ளை பெற்ற உன் அக்கா எப்படி இருக்கிறாள், மூன்று மாதம் அவளுக்கு ஒத்தாசை செய்யப் போன நீ எப்படி இருக்கிறாய் என்று விவரமாக எழுது. வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நீ பேசியதற்கெல்லாம் நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொன்னேனே, அதை நம்பாதே. ஐம்பது வருஷம் துப்பாக்கி வெடித்த பக்கத்துக் காது போய்விட்டது. இன்னொரு காதுக்குத் தொலைபேசி என்றால் சோம்பல். "நோயெல்லா" என்று ஒரு தடவையும் "பால்" என்று ஒரு தடவையும்தான் விழுந்தது. அதனால் எது சொல்வதானாலும் எழுதிவிடு.

ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன நான்கு பக்கங்களையும் படித்தேன். "தண்ணீர் மாற்ற மறக்க வேண்டாம்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறாய். எனக்கு எழுபத்தொரு வயது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் செவ்வாய்க்கிழமை மறந்துவிட்டேன். டீக்கன் என்னைத் தொழுவம் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து கால்சட்டையைக் கொத்தினான். இனி மறக்காது.

இப்போது செய்தி. மலை மேலிருந்து காட்டு வான்கோழிகள் இறங்கிவிட்டன. நீ இருந்தபோது வேலிக்கு அப்பால் இரண்டு மூன்று தென்படுமே, அந்தக் கணக்கு இல்லை. ஒன்பது பெட்டைகள், மூன்று சேவல்கள். தீவனக் கொட்டகைக்கு வெளியே சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்க விடிந்ததும் வந்துவிடுகின்றன. அந்த மூன்று சேவல்களில் ஒருவன் யார் தெரியுமா? கவர்னர்! மூன்று வருஷமாக என்னை இந்த மலை முழுக்க இழுத்தடித்தவன். போன மே மாதம் மழையில் நாலு மணி நேரம் ஒரு மரத்தடியில் என்னை உட்காரவைத்துவிட்டு, எனக்குப் பின்னாலேயே நடந்து போனவன். இடது காலில் நடுவிரல் கிடையாது, சேற்றில் தடம் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அந்த மகாராஜா இப்போது என் வீட்டு முற்றத்தில் நின்று சோளம் தின்கிறார். மார்பிலிருந்து தொங்கும் தாடி தரையைத் துடைக்கிறது. தோகையை விரித்தால் கொட்டகைக் கதவு மறைகிறது. வான்கோழி என்றால் அது. உன்னுடையவற்றைக் குறை சொல்வதாக நினைக்காதே. ஆனால் கவர்னருக்குப் பக்கத்தில் டீக்கனை நிறுத்தினால், கால் முளைத்த தலையணை மாதிரி இருக்கிறான்.

லைலிடமிருந்து ஒன்றும் இல்லை. உன்னை விட்டு அரிசோனாவுக்குப் போய் இரண்டு வருஷத்தில் பெற்ற அப்பனுக்கு அனுப்பியது இரண்டு வாழ்த்து அட்டை. அங்கே வெயிலில் பேனா மை காய்ந்துவிடுகிறது போலிருக்கிறது.

உன் மாமனார்,
ஓரின் வீலாக்


மாங்க்டன், நியூ பிரன்ஸ்விக்
7 ஏப்ரல் 1999

அன்புள்ள மாமா,

கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன், உட்கார இங்கே நேரமில்லை. மூன்று பக்கத்தில் கவர்னருக்கு எவ்வளவு, என் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று பார்த்தேன். அவனுடைய தாடிக்குக் கொடுத்த இடத்தில் பாதி என் பதினான்கு பெட்டைகளுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். முட்டை போட ஆரம்பித்தார்களா? ஒலிவ் தனியாகப் போய் நிற்கிறாளா? அவள் அப்படி நின்றால் வேலிக்கு மேலே கண் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

நோயெல்லா நலம். குழந்தைகள் இரண்டும் நலம். ஒன்று ஆண், ஒன்று பெண்; ரெமி, ஜோசெட். ஒருவன் தூங்கினால் ஒருத்தி அழுகிறாள், கையெழுத்துப் போட்டு ஒப்பந்தம் செய்துகொண்ட மாதிரி. அத்தான் ஆர்மண்ட் பகலெல்லாம் தன் உணவகத்தில் இருக்கிறார். சனிக்கிழமை அங்கே ஆள் வரவில்லை என்று நான் போய் மீன் சூப் வைத்தேன். சாப்பிட வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

மாமா, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்தக் காட்டுச் சேவல்களை என் பெட்டைகளிடம் அண்டவிடக் கூடாது. ஒரே ஒரு தடவை உள்ளே நுழைந்தால் போதும். காட்டுச் சேவலின் விந்து இரண்டு மாதம் பெட்டையின் உடம்புக்குள் தங்கும். அதற்குப் பிறகு அவள் போடும் எந்த முட்டையையும் நான் நம்ப முடியாது. ஏழே ஏழு பறவைகளுடன் ஆறு வருஷம் முன்னால் தொடங்கினேன். நாரகன்செட் வான்கோழி இனம் நம் நாட்டில் எத்தனை பண்ணைகளில் மிஞ்சியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், நாம் இரண்டு கைவிரல்களை வைத்து எண்ணினோமே. மெய்னிலும் ஒஹையோவிலும் நான்கு பேர் இந்த வருஷக் குஞ்சுகளுக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த வசந்தம் கெட்டால் அவர்களுடைய மந்தையும் நின்றுபோகும்.

அதனால் வேலியை இன்னும் மூன்றடி உயர்த்துங்கள். சிந்திய சோளத்தை எல்லாம் கூட்டி அள்ளுங்கள். கவர்னரைப் பார்த்து ரசிக்க வேண்டுமானால் மலைக்குப் போய் ரசியுங்கள்.

டீக்கன் தலையணை இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அன்புடன்,
கொரீன்


கிரேடி ஹாலோ
18 ஏப்ரல் 1999

அன்புள்ள கொரீன்,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். முட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். தினம் எட்டு, ஒன்பது. நீ சொன்னபடி பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, அடித்தள அறையில் வைக்கிறேன். வேலியையும் உயர்த்திவிட்டேன், வெர்ன் ஸ்ப்ரேக் வந்து கம்பம் பிடித்தான். பக்கத்துப் பண்ணைக்காரன் என்று பெயர், வேலை செய்ததைவிட என் பீன்ஸைத் தின்றதுதான் அதிகம். "இது என்னய்யா, வான்கோழிக்கு ஜெயில் கட்டுறியா?" என்றான். "ஜெயில் இல்ல, பொண்ணுங்க விடுதி" என்று சொன்னேன்.

இனி கெட்டது. வேலி உயர்த்தி முடிப்பதற்கு முந்தின நாளே ஒலிவ் போய்விட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வியாழக்கிழமை காலையில் கவர்னர் வேலிக்கு வெளியே, டீக்கன் உள்ளே. இரண்டு பேரும் தோகையை விரித்துக்கொண்டு, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கிறார்கள். அவன் கத்தினால் இவன் கத்துகிறான். இவன் தலை சிவந்தால் அவன் தலை நீலமாகிறது. ஒரு மணி நேரம்! பெட்டைகள் எல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் புல் மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஒலிவ் மட்டும் கொட்டகைக் கூரை மேல் ஏறினாள். ஏறி, கழுத்தை நீட்டி, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள். நான் "ஒலிவ், வேண்டாம்மா, எறங்கி வா" என்றேன். அவள் கேட்கவில்லை. கூரையிலிருந்து பறந்து வேலியைத் தாண்டிப் புல்வெளிக்கு அப்பால் இறங்கினாள். கவர்னர் சண்டையை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் போனான். இத்தனை கனமான பெட்டை இவ்வளவு அழகாகப் பறக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. உன் பறவைகளைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று நாளும் தேடினேன். வேட்டை உடுப்பை மாட்டிக்கொண்டு, பெட்டை மாதிரி சத்தம் எழுப்பும் அந்த மரப்பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கூப்பிட்டேன். ஒலிவ் வரவில்லை. வந்தது யார்? கவர்னர். எட்டடி தூரத்தில். மூன்று வருஷம் நான் தவமிருந்த அந்த எட்டடி. என் கையில் துப்பாக்கி இல்லை, ஒரு தகர டப்பாவில் சோளம்தான் இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தான். இவனா நம்மைக் கூப்பிட்டது என்ற மாதிரி ஒரு பார்வை. பிறகு போய்விட்டான்.

கோபித்துக்கொள். நியாயம்தான். ஆனால் மற்ற பதின்மூன்று பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள், கவர்னர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. இதைச் சத்தியமாக எழுதுகிறேன்.

உன் பெயருக்கு வந்த தபாலை எல்லாம் மேசை மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். அவசரமானது ஒன்றும் இல்லை.

ஓரின்


மாங்க்டன்
27 ஏப்ரல் 1999

அன்புள்ள மாமா,

ஒலிவ் போன செய்தியைப் படித்து அழுதேன். இரண்டு வரி தள்ளி, நீங்கள் சோள டப்பாவுடன் கவர்னர் முன்னால் நின்றதைப் படித்துச் சிரித்தேன். ரெமி என் மடியில் இருந்தான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோபம் இல்லை. அவள் குஞ்சாக இருந்தபோதே பெட்டியிலிருந்து முதலில் எட்டிக் குதித்தவள். நரியிடம் சிக்காமல் இருந்தால் போதும்.

அவசரமானது ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி.

நோயெல்லா ஒரு பேச்சை ஆரம்பித்திருக்கிறாள். நேற்றுத் துணி மடிக்கும்போது கேட்டாள்: "ஏண்டி, அங்க உனக்கு யாரு இருக்கா? கட்டினவன் போய்ட்டான். அவனோட அப்பாவுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு, வான்கோழி மேய்ச்சுக்கிட்டு... உனக்கு வயசு முப்பத்தொம்பது, மறந்துட்டியா?" நான் சொன்னேன், "மாமா அவரே ஆக்கிக்குவாரு, பீன்ஸ் மட்டும்தான் ஆக்குவாரு, அது வேற விஷயம்." அவள் சிரிக்கவில்லை. ஆர்மண்ட் அத்தான் உணவகத்துச் சமையலறையை முழுசாக என் கையில் தருகிறேன் என்கிறார். மாடியில் இரண்டு அறைகள் காலியாக இருக்கின்றன, ஜன்னலில் ஆறு தெரிகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. டீக்கன் சாம்பல் நிறம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதிகாலை மூடுபனியில் வெர்ன் ஸ்ப்ரேக்குக்குத் தெரியுமா? போன வருஷம் அவர் தன்னுடைய தபால் பெட்டியையே சுட்டவர். டீக்கனுக்கு மாற்று இல்லை மாமா. அவன் போனால் இந்த வழி அவனோடு முடிந்தது. மேய விடாமல் மே மாதம் முழுக்க அடைத்துவைத்தாலும் பெட்டைகள் முட்டையை நிறுத்திவிடுவார்கள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

கொரீன்


கிரேடி ஹாலோ
6 மே 1999

அன்புள்ள கொரீன்,

ஏதாவது செய்துவிட்டேன். ஊரே சிரிக்கிறது, நீயும் சிரி.

என்னுடைய பழைய வேட்டைச் சட்டைகள் மூன்று இருந்தனவே, மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாதபடி கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம், அவற்றை வெட்டினேன். உன் தையல் பெட்டியைத் திறந்தேன். ஊசியில் நூல் கோக்கவே ஒரு முற்பகல் போயிற்று. இறக்கைக்கு இரண்டு ஓட்டை, மார்பில் ஒரு பட்டை, முதுகில் கட்ட நாடா. டீக்கனுக்குத்தான் முதல் சட்டை. அளவெடுக்கும்போது என் மூக்கைக் கொத்தினான், போட்டுவிட்டபோது பொம்மை மாதிரி அசையாமல் நின்றான். ஐந்து நிமிஷம் அப்படியே நின்று, பிறகு குனிந்து தன் மார்பைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தோகையை விரித்தான் பார், இதுவரை அப்படி விரித்ததில்லை. பிடித்துவிட்டது அவனுக்கு! பெட்டைகளுக்குச் சட்டை போதவில்லை, கழுத்துப் பட்டைதான். பதின்மூன்று ஆரஞ்சுப் பட்டைகளும் ஒரு ஆரஞ்சுச் சட்டையும் புல்வெளியில் மேய்வதைப் பார்த்து, பள்ளிக்கூட பஸ் தினம் நம் வாசலில் நின்று போகிறது. ஓட்டுகிற பெண்மணி ஜன்னல் வழியாக, "வீலாக் ஐயா, எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடுங்க, என் வீட்டுக்காரர் கண்ணுல நானும் படுறதே இல்ல!" என்று கத்தினாள்.

வேட்டைப் பருவத்தின் முதல் நாள் காலையில் வெர்ன் வந்தான். முகத்தில் பச்சையும் கறுப்பும் பூசிக்கொண்டு, புதர் நடந்து வருகிற மாதிரி. வேலியருகே நின்று கண்ணைக் கசக்கினான்.

"ஓரின், என் கண்ணுல ஏதாச்சும் கோளாறா? இல்ல உன் வான்கோழி ரோடு போடுற வேலைல சேர்ந்துருச்சா?"

"சேர்ந்துருச்சு. உன்னவிட நல்லா வேலை பாக்குது."

அப்போதுதான் கவர்னர் வந்தான். தனியாக. வேலிக்கு வெளியே, புல்வெளியின் நடுவில், எங்களுக்கு இருபதடி தூரத்தில், தோகையை விரித்துக்கொண்டு நின்றான். என் துப்பாக்கி வராந்தாவில் சாய்ந்திருந்தது. அனுமதிச் சீட்டு சட்டைப்பையில். வெர்ன் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டான்.

"சுடுய்யா! மூணு வருஷம்! சுடு!"

"சோளம் கொட்டின எடத்துல சுட்டா கேஸ் போடுவான்."

"நீதான் கூட்டி அள்ளிட்டேன்னு சொன்னியே!"

"சரியா அள்ளல."

கொரீன், நன்றாகத்தான் அள்ளியிருந்தேன். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சுட மனம் வரவில்லை. வீட்டுக்கு வெளியே பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிற்கிறவனை எப்படிச் சுடுவது? மலையில், மழையில், அவன் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தபோது சுட்டிருப்பேன். அது வேறு கதை. வெர்னும் சுடவில்லை, "உன் வாசல், உன் கோழி, உன் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு என் காபியைக் குடித்தான்.

இதற்குள் டீக்கன் கவர்னரைப் பார்த்துவிட்டான். ஆரஞ்சுச் சட்டையோடு கம்பி வேலியை நோக்கி ஓடினான். கவர்னர் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்த நிறம் கண்ணில் பட்டால் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று பழகியவன். தோகை சுருங்கியது, கழுத்து நீண்டது, அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை! டீக்கன் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கத்தினான். இப்போது சட்டையைத் துவைக்கக் கழற்றினால் அடிக்க வருகிறான்.

அடைகாக்கும் பெட்டியில் தொண்ணூறு முட்டைகள் வைத்திருக்கிறேன். அது இருக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இத்தனை வேடிக்கையும் எழுதியது அதைத் தள்ளிப்போடத்தான். உன் பெயருக்கு ஏப்ரல் இரண்டாம் தேதி ஒரு பெரிய உறை வந்தது. அரிசோனாவில் ஒரு வக்கீல் அலுவலகம். பிரிக்கவில்லை, பிரிக்காமலே தெரிந்தது. லைல் விவாகரத்துக்குக் கொடுத்துவிட்டான், உன் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. அதை நான் அன்றைக்கே உனக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அவசரமானது ஒன்றும் இல்லை என்று பொய்யும் எழுதினேன். நீ கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டுக்கும் உனக்கும் உள்ள கயிறு அறுந்துபோகும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் அதைக் கடந்து கடந்து நடந்தேன். அடுத்தவர் தபாலை ஒளித்துவைக்கிறவன் என்று யாராவது என்னைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இத்துடன் அனுப்புகிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

ஓரின்


மாங்க்டன்
15 மே 1999

மாமா,

எனக்குத் தெரியும்.

பதில் வரவில்லை என்று அந்த வக்கீல் லைலிடம் கேட்டிருக்கிறார், லைல் நோயெல்லாவின் முகவரியைக் கொடுத்திருக்கிறான். ஏப்ரல் இருபதாம் தேதி இன்னொரு பிரதி இங்கேயே வந்தது. முதல் உறை மூன்று வாரம் முன்பே கிரேடி ஹாலோவுக்குப் போயிருந்தது என்று அதில் எழுதியிருந்தது. ஒரு வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது, "அவசரமானது ஒன்றும் இல்லை" என்று. நான் என்ன நினைத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள்தான் எடுத்துக்கொண்டேன். வலிக்கும் என்று நினைத்தேன், பல் பிடுங்கின மாதிரி கொஞ்சம் வெறுமையாக இருந்தது, அவ்வளவுதான். அதைவிட அதிகமாக வலித்தது உங்களுடைய அந்த ஒரு வரி. தினமும் தபால்காரர் வரும்போது ஜன்னலுக்கு ஓடினேன். இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுவார், இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுவார் என்று. சொல்லிவிட்டீர்கள். ஆரஞ்சுச் சட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சொன்னீர்கள், ஆனாலும் சொன்னீர்கள்.

டீக்கன் கதையை உணவகத்தில் சொன்னேன். சமையலறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

உங்களை இனி என்னவென்று கூப்பிடுவது? நோயெல்லா, "ஓரின்னு பேரச் சொல்லு, இப்ப அவரு உனக்கு வேத்து மனுஷர்தானே" என்கிறாள். ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஜோசெட் வீறிட்டு அழுதாள். அவளுக்குப் பசி, வேறு காரணம் இல்லை, இருந்தாலும் நிறுத்திவிட்டேன்.

ஆர்மண்ட் அத்தான் ஜூன் பத்தாம் தேதிக்குள் முடிவு கேட்கிறார். நான் உங்களை ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு வேண்டியது வான்கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளா? பீன்ஸைத் தவிர வேறு ஏதாவது சமைக்க ஒரு ஆளா? இல்லை, வேறு என்ன? கவர்னரைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கொரீன்


கிரேடி ஹாலோ
1 ஜூன் 1999

அன்புள்ள கொரீன்,

பதினோரு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் வரும். நேராக அங்கே போனால் பேனா நின்றுவிடுகிறது.

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. தொண்ணூறில் எழுபத்திரண்டு. நீ எழுதிவைத்தபடி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் தோய்த்தேன். எழுபத்திரண்டு தடவை! காட்டாவிட்டால் பக்கத்திலேயே தண்ணீர் இருக்கத் தாகத்தில் சாகும் என்று நீ எழுதியதை முதலில் நம்பவில்லை. பளபளப்பாக ஏதாவது போட்டால் கொத்த வரும் என்றாயே, பரணில் லைலின் பழைய கோலிக்குண்டுகள் இருந்தன, தண்ணீர்த் தட்டில் போட்டேன். அவன் சிறுவனாக இருந்தபோது அவற்றைத் தொட்டால் வீட்டை இரண்டாக்குவான். இப்போது எழுபத்திரண்டு பேர் கொத்துகிறார்கள். மெய்ன்காரர்களுக்கும் ஒஹையோக்காரர்களுக்கும் எழுதிவிட்டேன், மாத நடுவில் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது. நேற்றுக் காலை பத்து மணிக்கு, மழை விட்டிருந்தது, காட்டோரத்துப் புல்லிலிருந்து ஒலிவ் நடந்து வந்தாள். அவசரமே இல்லாமல். பின்னால் ஒன்பது குஞ்சுகள். நான் வராந்தாவில் நின்றவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேலி வாசலுக்கு வந்து நின்று, கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "ஏன்டி, போறப்ப பறந்து போனியே, வர்றப்ப கதவு தெறக்கணுமா?" என்றேன். திறந்துவிட்டேன். உன் கட்டளை நினைவிருந்தது. அவளை மற்றவர்களோடு விடவில்லை, பழைய கன்றுக் கொட்டகையில் தனியாக வைத்திருக்கிறேன். குஞ்சுகள் பழுப்பும் சாம்பலுமாக எந்தக் கணக்கிலும் சேராமல் இருக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் அப்பனின் நடை. அவற்றை என்ன செய்வது என்று நீ சொல். எனக்கு வைத்துக்கொள்ள ஆசை. இதில் யாரும் கவர்னர் பெயரைச் சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

லைல் கூப்பிட்டான். நல்ல காதில் வைத்துத்தான் பேசினேன். "அப்பா, பேப்பர்லாம் முடிஞ்சுது. இனிமே அவ நமக்கு யாரும் இல்ல, நீங்க அந்த எடத்த விக்கிறதானா வித்துக்கலாம்" என்றான். "உனக்கு யாரும் இல்லடா. எனக்கு யாருன்னு சொல்ல நீ யாரு?" என்று கேட்டேன். பிறகு, "அவ சௌக்கியமா இருக்காளாப்பா?" என்றான். இருக்கிறாள் என்றேன். அவனும் கெட்டவன் இல்லை. ஒரு இடத்தில் தங்கத் தெரியாதவன்.

இப்போது உன் கேள்வி. வான்கோழி பார்க்க ஆள் வேண்டாம், நானே பார்ப்பேன், இப்போது உன்னைவிட நன்றாகத் தைக்கிறேன். சமையலுக்கும் ஆள் வேண்டாம். எனக்கு வேண்டியது, நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பேசுவதில் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். நான் உரக்கக் கத்தினால் நீ அதைவிட உரக்கக் கத்த வேண்டும். இரண்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. டீக்கன் ஒருவனால் எவ்வளவு முடியும்?

ஆனால் ஆற்றைப் பார்த்த ஜன்னலும் உன்னுடைய சொந்தச் சமையலறையும் உனக்குப் பிடித்திருந்தால் அங்கேயே இரு. பறவைகளைக் காட்டி உன்னை இழுக்க மாட்டேன். நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டிய கால்நடை மருத்துவர் சான்றிதழ் எப்படி வாங்குவது என்று விசாரித்துவிட்டேன். ஒரு வார்த்தை எழுது, டீக்கனையும் பெட்டைகளையும் வண்டியில் ஏற்றி நானே கொண்டுவந்து விடுகிறேன். அவை உன்னுடையவை. அதற்கு நீ யாருடைய மருமகளாகவும் இருக்க வேண்டியதில்லை.

ஓரின்


மாங்க்டன்
9 ஜூன் 1999

அன்புள்ள மாமா,

நான் இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். பழகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

ஆர்மண்ட் அத்தானிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மீன் சூப் செய்முறையை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதில் அவருக்குப் பாதி வருத்தம் போய்விட்டது. நோயெல்லா ஒரு நாள் பேசவில்லை. இன்று காலையில் என் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, "இப்படியா மடிப்பாங்க?" என்று திட்டிக்கொண்டே திரும்ப அடுக்கிக் கொடுத்தாள். பிறகு உங்கள் கடிதத்தைக் காட்டச் சொன்னாள். எல்லைச் சான்றிதழ் வரைக்கும் வந்ததும் நிறுத்தி, "இந்த மனுஷர் பதினஞ்சு வான்கோழியோட இங்க வந்து எறங்கியிருப்பாராடி?" என்று கேட்டாள். இறங்கியிருப்பார் என்றேன். "அப்பப் போ" என்றாள். செப்டம்பரில் குழந்தைகளோடு வருகிறாள். அவளுக்குப் பயம் இருக்கிறது, டீக்கனைக் கட்டிப்போடச் சொல்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒலிவின் ஒன்பது பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மந்தையோடு கலக்கக் கூடாது, தனி வேலி, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். வெர்ன் ஸ்ப்ரேக்கைக் கம்பம் பிடிக்கக் கூப்பிட்டால் பீன்ஸ் மட்டும் போடாதீர்கள், பாவம். எழுபத்திரண்டு என்றீர்களே, என்னுடைய சிறந்த வருஷத்தில் தொண்ணூறுக்கு அறுபத்தைந்துதான் பொரிந்தது. இதை இனி ஒரு நாளும் நான் திரும்பச் சொல்ல மாட்டேன், கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி பஸ்ஸில் வருகிறேன். முன்னாலேயே வந்து நிற்க வேண்டாம், நீங்கள் பன்னிரண்டு மணிக்கே வந்து நிற்பீர்கள் என்று தெரியும், அதனால் தொப்பியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீங்கள் ஒன்றை ஒளித்தீர்கள், நானும் ஒன்றை ஒளித்தேன், சரியாகப் போயிற்று. அந்த விவாகரத்துத் தாள்களில் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயருக்குத் திரும்ப விரும்புகிறீர்களா? ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். நோயெல்லா பக்கத்தில் நின்று "ஆம்னு போடு" என்றாள். அது ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி. உங்கள் மேல் கொள்ளைக் கோபத்தில் இருந்தேன். நீங்கள் தபாலை ஒளித்தது தெரிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

'இல்லை' என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டேன். அந்தப் பெயர் லைலுடையது மட்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

கொரீன் வீலாக்